மண் கொடுத்தவருக்கு முதல் கரண்டி

பத்திர ஆபீஸுக்கு எதிரே இருக்கும் அந்த மெஸ்ஸுக்குப் பெயர் கிடையாது. ஒரு காலத்தில் இருந்திருக்கும். ஏதோ ஒரு புயலில் போர்டு பறந்துபோய்ப் பின் தெருவில் யாரோ ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார்களாம். போய்க் கேட்க இவர்களுக்குச் சோம்பல். புது போர்டு வைக்கவும் சோம்பல். அதனால் ஊரில் எல்லோருக்கும் அது எதிர்த்த மெஸ்தான்.

நாலைந்து மாதத்துக்குள் நான் அங்கே மூன்று தடவை சாப்பிட்டேன். மூன்று தடவையும் அந்தச் சாப்பாட்டைத் தேடிப் போகவில்லை. எங்கள் அப்பா விட்டுப்போன பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர், நஞ்சையிலும், வீட்டிலும், அதன் கொல்லையிலும் எனக்கு இருந்த பாதிப் பங்கை என் தம்பிக்கு விட்டுக் கொடுப்பதாகப் பத்திரம் பதியப் போனேன். ஆபீஸ் காக்க வைத்தது. அப்படிப் போன நாட்களில் நானும் அவனும் எதிர்த்த மெஸ்ஸில் உட்கார்ந்தோம்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. திருச்சியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் கட்டினவள். அந்தப் பழக்கத்தில் எந்தக் காகிதத்தையும் அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டேன். தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறவன். அப்பா போய் நாலு வருஷம் கழித்துப் பட்டா எங்கள் இரண்டு பேர் பேரிலும் கூட்டாக வந்தது. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லோர் வயலையும் நனைத்துவிட்டு, மனசு வந்தால்தான் எங்களிடம் வரும். அதனால் போர் போட வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும், கரண்டுக்கு நான் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். பயிர் இன்ஷூரன்ஸ் என்றாலும் என் கையெழுத்து, சொசைட்டிக் கடன் என்றாலும் என் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் திருச்சிக்கு பஸ் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போவான். ஒருநாள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஒரேயடியா எழுதிக் குடுத்துடேன்க்கா" என்றான்.

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல என் கணவர் பேப்பரைப் புரட்டினார். கல்யாணத்துக்குப் போட்ட நகை, வருஷா வருஷம் செய்த சீர் எல்லாம் சேர்த்தால் பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது என்பது எங்கள் பக்கத்து நியாயம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று சென்னையில் இருக்கும் என் மகள் போனில் கத்தினாள். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ஊருக்கும் வீட்டுக்கும் இன்னும் கொஞ்சநாள் உரிமைக்காரியாக இருந்துவிட்டுப் போகலாமே என்பதுதான் என் மனசில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் நிலத்தின் மேல் ஆசை என்பார்கள். ஆசைதான். இருந்தால் என்ன?

இருந்தாலும் சரி என்றுதான் சொன்னேன். மாசி மாதம் முதல் தடவை போனோம்.

காலை பத்தரைக்கு டோக்கன். பத்திர ஆபீஸ் வராந்தாவில் எங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டம் போல ஆட்கள். பதினொன்றரைக்கு சர்வர் போயிற்று. சர்வர் என்பது எங்கேயோ சென்னையில் இருக்கிறதாம். அது படுத்தால் தமிழ்நாடு முழுக்க நிலம் கை மாறாது. "சாப்ட்டுட்டு வாங்க, வந்துரும்" என்றார் எங்கள் பத்திரம் எழுதுகிறவர். அவர் அதைச் சொன்ன விதத்திலேயே அது வராது என்று தெரிந்துவிட்டது.

மெஸ்ஸுக்குள் கடப்பைக்கல் போட்ட ஐந்து நீள மேஜைகள். பெஞ்சுகள் எப்போதோ உடைந்து, இப்போது பிளாஸ்டிக் ஸ்டூல்கள், சிவப்பு கொஞ்சம், நீலம் கொஞ்சம். சுவரில் உரக்கடைக் காலண்டர் ஒன்றுதான் அலங்காரம். பின்பக்கம் கை கழுவப் போனால் நைலான் வலைக்குள் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க அல்ல, வழுக்கிச் சாக்கடையில் விழாமல் இருக்க என்று மெஸ்காரர் விளக்கம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அவருக்கு அறுபத்தைந்து இருக்கும். ஒல்லி. வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, சாம்பார் வாளியைத் தானே தூக்குவார். சமையல் அவர் மனைவி. அந்த அம்மாள் வெளியே வருவதில்லை, குரல் மட்டும் வரும். "எத்தனை எல?" என்று உள்ளிருந்து கேட்கும். இவர் எண்ணிக்கை சொல்வார். மகன் சோறு போடுவான். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஒரே சாப்பாடு. சாம்பார், ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம். கேட்டால் மீன் குழம்பு. செவ்வாய், வெள்ளியில் கேட்டாலும் கிடையாது. பத்திரம் பதிகிற நாள் என்பதால் எல்லோருக்கும் ஒரு கரண்டி பாசிப்பருப்புப் பாயசம். நாற்பது வருஷமாக இதில் ஒரு பதார்த்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது. சாம்பாரில் உப்பு தூக்கல். அதுவும் நாற்பது வருஷமாக இருக்கலாம்.

நானும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மெஸ்காரர் பாயசத் தூக்கோடு வந்தார். வரிசையில் நான்தான் முதலில். என்னைத் தாண்டிப் போய்த் தம்பி இலையில் ஒரு கரண்டி ஊற்றினார். "சாப்பிடுங்க தம்பி. ஆக வேண்டியது ஆகட்டும்" என்றார். அந்தக் குரலில் ஒரு தனி மரியாதை இருந்தது. பிறகு திரும்பி வந்து எனக்கு ஊற்றினார்.

ஆம்பளைக்கு முதலில் போடுகிற பழைய புத்தி என்று நினைத்துக்கொண்டேன். அதையெல்லாம் நின்று கேட்கிற தெம்பு எனக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. தம்பி பாயசத்தைப் பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். குனிந்து வழித்துச் சாப்பிட்டான்.

சர்வர் அன்றைக்கு வரவில்லை. நாலரை மணிக்குக் கும்பகோணத்துக்கு டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து திருச்சிக்கு பஸ் மாறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

இரண்டாவது தடவை சித்திரையில். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வயலெல்லாம் அறுத்து, வெடித்து, வெள்ளையாகக் கிடந்தது. அன்றைக்கு சர்வர் நன்றாக இருந்தது, பத்திரம்தான் சரியில்லை. எழுதினவர் பழைய பட்டாவைப் பார்த்து எழுதியிருந்தார். வயலில் ஒரு உட்பிரிவு இரண்டு வருஷத்துக்கு முன்பே மாறிவிட்டது. நான் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்னாலேயே படித்திருக்கலாம், யாரும் எனக்குக் காட்டவில்லை. திருத்தி எழுதி, மறுபடி டோக்கன் போட்டு, இன்னொரு நாள் வரவேண்டும். "நீ ஒரு தடவை படிச்சியா?" என்று தம்பியைக் கேட்டேன். "அவரு எழுதினா சரியா இருக்கும்னு இருந்துட்டேன்" என்றான். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு நடந்தேன்.

அன்றைக்குக் கூட்டம். என் இடதுபக்கம் தம்பி. வலதுபக்கம் ஒரு நிலத் தரகர். சட்டைப் பையில் நாலு பேனா. எதிர் மேஜையில் ஒரு நடுவயதுக்காரரும் அவர் மனைவியும், அவர்களுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும். மெஸ்காரர் பாயசத் தூக்கோடு நேரே போய் அந்த மனைவியின் இலையில் ஊற்றினார். அந்தப் பெண் சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா, கண்டுபிடிச்சுட்டாரு" என்றார் தரகர் என்னிடம்.

"எதை?"

"நெலம் அந்தம்மா பேர்ல. விக்கிறது அவங்க. இங்க மண்ணு குடுத்தவங்களுக்குத்தான் மொத கரண்டி பாயசம். மெஸ்காரரோட அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். வாங்கினவன் வாய் தானா இனிக்கும், குடுத்தவங்க வாயத்தான் நாம இனிக்க வைக்கணும்பாரு. யாருன்னு கேக்க மாட்டாரு. மொகத்தைப் பார்த்தே ஊத்துவாரு. தப்பினதே இல்ல."

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். முதலிலேயே தெளித்துத் துடைத்த இலை. மறுபடியும் தெளித்தான்.

மெஸ்காரர் எங்கள் மேஜைக்கு வந்தார். என்னைத் தாண்டினார். கரண்டி தம்பி இலைக்கு மேல் போயிற்று.

"நில்லுங்க" என்றேன். எனக்கே என் குரல் பள்ளிக்கூட ஆபீஸில் கேட்டது போல இருந்தது. "குடுக்கிறது அவன் இல்லை. நான்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. எதிர் மேஜை திரும்பிப் பார்த்தது. தரகர் தன் அப்பளத்தை மிகுந்த கவனத்தோடு நொறுக்க ஆரம்பித்தார்.

"நீங்களாம்மா?" என்றார் மெஸ்காரர். உண்மையாகவே ஆடிப்போய்விட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. போன தடவ வந்தப்ப ஃபைலும் பையும் உங்க மடியில இருந்துச்சு. வாங்குறவங்கதான் பையை வுடமாட்டாங்க. அப்புறம்..." தம்பியைப் பார்த்தார். "தம்பி மொகம் நெலம் போறவன் மொகமா இருந்துச்சு. அதான்."

எனக்குக் கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. பாதிப் பங்கை எழுதிக் கொடுக்கிறவள் நான், அதற்கு ஆறுதல் வாங்கிச் சாப்பிட்டவன் அவன். உள்ளூர்க்காரன், அந்த மெஸ்ஸில் எத்தனையோ தடவை சாப்பிட்டவன், வழக்கம் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் வழித்துச் சாப்பிட்டிருக்கிறான். மெஸ்காரர் என் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினார். நான் தொடவில்லை. நல்ல பாயசம், வீணாகப் போயிற்று.

வெளியே வந்து, பத்திர ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் நின்று கேட்டேன். "தெரிஞ்சுதானே தின்னே?"

"தெரியும்க்கா."

"குடுக்கிறது அக்கான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். அம்மாவிடம் அடிவாங்குவதற்கு முன்னால் சின்ன வயசிலும் இப்படித்தான் நிற்பான். "சொல்லணும்னுதான் இருந்தேன். அவரு அப்படி வந்து, சாப்பிடுங்க தம்பின்னு சொன்னதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. யாருமே என்னை அப்படிக் கேட்டதில்லக்கா. இருவத்தஞ்சு வருஷமா அந்த வயல்ல கெடக்குறேன். வெள்ளத்துல மூணு தடவை நாத்து அழுவிப்போச்சு. ரெண்டு தடவை தண்ணி வரல. முதுகு போச்சு. பையன் இந்தத் தொழிலே வேணாம்னு துபாய்க்குப் போயிட்டான். நானும்தானே குடுத்திருக்கேன்னு தோணுச்சு."

"அதுக்காக என் பங்கை நீ குடுத்ததா ஆயிடுமா?"

"ஆவாது" என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசு லேசாகியிருக்கும். நிலத்தில் கிடந்தவன் அவன், அது நிஜம். ஆனால் அந்த வீட்டில் பிறந்தவள் நான், அதுவும் நிஜம். பன்னிரண்டு வயதில் அந்த வயலில் களை எடுத்திருக்கிறேன். படி, வெளியூர் போ, வேலைக்குப் போ என்று அனுப்பியது அவர்கள். போனவளுக்கு என்ன பாத்தியதை என்று இப்போது கேட்பதும் அவர்கள்.

"நான் கையெழுத்துப் போடலை. வேற வழி பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னால் வரவில்லை. வந்திருந்தால் நின்றிருப்பேன்.

அப்புறம் ஒன்றரை மாதம் பேச்சு இல்லை. தம்பி மனைவி மட்டும் இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை மாங்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று சொன்னாள். இரண்டாவது தடவை அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொன்னாள். அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல அண்ணி, சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டாள். என் மகள் என்னைப் பாராட்டினாள். சட்டப் பிரிவெல்லாம் அனுப்பினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். எல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

ஆனால் சாதகமாக இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேஸ் போடப் போகிறேனா? பாதி வயலை அளந்து வேலி போட்டு, திருச்சியிலிருந்து வாராவாரம் போய் நாற்று நடப் போகிறேனா? பங்கை வெளியாருக்கு விற்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. என் பெயர் பட்டாவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அந்த 'அவ்வளவுதான்' அவனுடைய ஒவ்வொரு விதைப்புக்கும் முட்டுக்கட்டையாக நிற்கிறது. வைகாசி முடிந்து, மேட்டூர் திறக்கப் போகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து வயலில் போர்த் தண்ணீரில் குறுவை நட்டு முடித்திருப்பார்கள். தம்பி வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடினால் தெரிகிறது.

ஒருநாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்து, டோக்கன் போடச் சொல்லி அவனுக்குச் சொன்னேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கணவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அன்றைக்குக் காபி போட்டுக் கொடுத்தார். எனக்கு அலுத்துப்போய்விட்டது, வேறொன்றும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் விட்டுக்கொடுத்தது என்று ஊரில் பேசிக்கொள்வதில் பாதி இப்படி அலுத்துப்போனதாகத்தான் இருக்கும்.

மூன்றாவது தடவை பத்திரம் சரியாக இருந்தது, சர்வர் இருந்தது, அதிகாரி இருந்தார். என்னை கேமராவுக்கு முன் உட்கார வைத்தார்கள். சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். விரலை மெஷினில் வைத்தேன். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. தம்பி விரலைத்தான் மெஷின் ஏற்கவில்லை. துணியால் துடைத்தார்கள், ஈரப்படுத்தினார்கள், வேறு விரல் வைக்கச் சொன்னார்கள். அவன் விரல் நுனியில் ரேகையே இல்லாமல் தேய்ந்துபோயிருந்தது. "எந்த வெரலும் இல்லையாங்க?" என்று அந்த ஆபீஸ் பெண் சலித்துக்கொண்டாள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஏதோ ஒரு விரல் பதிந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அவனை ஒண்ணாங்கிளாஸுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அவனுக்காக எனக்கு வருத்தமாக இருந்தது, எனக்காகவும் வருத்தமாக இருந்தது.

வெளியே வந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. காலையில் திருச்சியில் குடித்த காபிதான் வயிற்றில். மெஸ்ஸில் பந்தி முடிந்து மேஜைகளைக் கழுவியிருந்தார்கள். பாயசத் தூக்கு கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. திரும்பிப் போகலாம் என்று நின்றபோது மெஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. சாம்பார் இல்ல, எல்லாம் தீந்துபோச்சு. நாங்க சாப்பிடத்தான் ஒக்காருறோம். இருக்கிறதைச் சாப்பிடுறீங்களா?"

அன்றைக்குத்தான் அவர் மனைவியைப் பார்த்தேன். குரலுக்குச் சம்பந்தமே இல்லாமல் குட்டையாக, பூஞ்சையாக இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இலை போட்டு, சோறும் ரசமும் மீதி இருந்த வாழைக்காயும் வைத்தார். வீட்டுக்காரர்கள் பக்கத்து மேஜையில் தட்டோடு உட்கார்ந்தார்கள். அங்கே பரிமாறுவது என்பதெல்லாம் கிடையாது. பானை நடுவில். அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மெஸ்காரர் தன் மீனில் பாதியை மனைவி தட்டில் தள்ளினார். முள்ளாகப் பார்த்துத் தள்ளுகிறாரே என்று அந்த அம்மாள் குறை சொன்னார். மகன் வாரிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்தாள். அவர்கள் மகள். பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். வந்தவள் யாரையும் என்ன ஏது என்று கேட்கவில்லை. குழந்தையைத் தன் தம்பி மடியில் இறக்கினாள். அலமாரியிலிருந்து தட்டை எடுத்தாள். பானையைச் சாய்த்துப் பார்த்து, "இவ்ளோதான் வச்சிருக்கீங்களா?" என்று சண்டை பிடித்தாள். குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னிக்கும் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கியாம்மா" என்றாள். "நீ வருவேன்னு ஜோசியமா பார்த்தேன்?" என்று அம்மா திட்டிக்கொண்டே தன் தட்டிலிருந்த சோற்றைப் பாதி அள்ளி அவள் தட்டில் போட்டார்.

நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தம்பி, "சாப்பிடுக்கா, ஆறுது" என்றான்.

மாதக்கணக்கில் இல்லாத நிம்மதி அன்றைக்கு அவன் முகத்தில் இருந்தது. ரசத்தைப் பிசைந்துகொண்டே பேச ஆரம்பித்தான். போர் எந்த மூலையில் போடப் போகிறான், கரண்டுக்கு எப்போது மனு கொடுக்கிறான், இந்தக் குறுவைக்கு முடியாவிட்டாலும் தாளடிக்குக் கட்டாயம் தண்ணீர் பாய்ச்சிவிடுவான் என்றெல்லாம் சொன்னான். வீட்டின் மேற்குச் சுவரை இடித்துக் கட்ட வேண்டும் என்றான். ஒரு ரூம் சேர்த்து எடுத்தால் நான் வந்தால் படுக்கச் சௌகரியமாக இருக்கும் என்றான். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அடிக்கடி வாக்கா. இப்பதான் பத்திர வேலையெல்லாம் முடிஞ்சு போச்சே" என்றான். அப்புறம் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "வர்றதுக்கு மொத நாளே ஒரு போன் மட்டும் பண்ணிடு. திடுதிப்புன்னு வந்து நின்னீன்னா வீட்ல ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டா" என்றான்.

பிரியமாகத்தான் சொன்னான். என் இலையில் சோறு குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் சொன்னான். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் சொல்லிவிட்டுப் போனதில்லை. நினைத்தால் பஸ் ஏறுவேன். கொல்லை வழியாக நுழைந்து, அடுப்பில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பேன். ஒன்றும் இல்லாத நாளில் பழைய சோறும் ஊறுகாயும் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். போன் பண்ணிவிட்டு வா என்று அம்மா இருந்தபோதும் சொன்னதில்லை, அப்பா இருந்தபோதும் சொன்னதில்லை, போன வருஷம் வரைக்கும் இவனும் சொன்னதில்லை.

கேமராவுக்கு முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து மேஜையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

தம்பி பதறிப்போய் எச்சில் கையோடு எழுந்தான். "என்னக்கா, என்ன ஆச்சு?" என்றான். தனக்குப் புரிந்துவிட்டது போலக் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அழுவாதக்கா. நெலம் எங்கயும் போயிடல. நம்மகிட்டதான இருக்கு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.